நூற்று எழுபத்தைந்து ரூபாய்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பின் ஆண்டுப் பொதுக்குழு நடந்தது. பத்தரை மணிக்கு என்று நோட்டீஸ் போர்டில் போட்டிருந்தார்கள். கோரம் சேரும்போது மணி பதினொன்றேகால். கார் பார்க்கிங்கில் வாடகை பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு டேபிள் ஃபேன், ஃபிளாஸ்கில் காபி. பாதிப் பேர் கீழே இறங்கி வராமல் பால்கனியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே வந்து கையெழுத்துப் போட்டால் செகரெட்டரி பதவியைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்ற பயம். நியாயமான பயம்தான். நான் இரண்டு முறை மாட்டியிருக்கிறேன்.

அஜெண்டாவில் ஒன்பது விஷயங்கள். ஏ பிளாக் போர் மோட்டார் காயில் எரிந்து ரீவைண்டிங் செய்தது, லிஃப்ட் ஏ.எம்.சி. புதுப்பித்தது, மொட்டை மாடி ஒழுகல், பொது கரண்ட் பில். கரண்ட் பில்லில் வழக்கமான கேள்வி எழுந்தது: "யூனிட்டுக்கு 5.50னு கவர்மென்ட் குறைச்சாங்களே, நமக்கு ஏன் வரலை?" 2023-ல் அறிவித்த அந்தச் சலுகை பத்து வீட்டுக்கு மேற்படாத, மூன்று மாடிக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும்தான் என்று நான் மூன்றாவது வருடமாகச் சொன்னேன். நாங்கள் நாற்பத்தெட்டு வீடு, இரண்டு லிஃப்ட். அடுத்த வருடமும் சொல்வேன்.

நாய் விஷயத்துக்கு மட்டும் முக்கால் மணி நேரம் போனது. அதைப் பற்றி எழுதினால் இரண்டு பக்கமும் என்னிடம் பேச்சை நிறுத்திவிடுவார்கள், விட்டுவிடுகிறேன்.

ஏழாவது விஷயம், செப்டிக் டேங்க் சுத்தம் செய்வது. எங்கள் பக்கம் பாதாளச் சாக்கடை கிடையாது. மூன்று பெரிய தொட்டிகள் இருக்கின்றன. கடைசியாக எடுத்து நாலு வருடம் ஆகிறது. பி பிளாக் தரைத்தள வீடுகளில் மழை பெய்தால் பாத்ரூமில் தண்ணீர் எதிர்த்து வருகிறது. செகரெட்டரி இரண்டு கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தார். ஒன்று 12,000 ரூபாய்: லாரியில் உறிஞ்சியது போக, "அடியில் கெட்டியா இருக்கிறதை ஆள் விட்டு வாரிக் கொடுத்துடுவோம்". இன்னொன்று 20,400 ரூபாய்: அழுத்தத் தண்ணீர் அடிக்கும் ஜெட்டிங் மெஷினும் உறிஞ்சும் லாரியும் சேர்ந்து வரும், ஆள் இறங்க மாட்டார்.

"பன்னிரண்டாயிரமே போட்டுடலாம் சார்" என்று ஒரு குரல். "ஆமாம் ஆமாம்" என்று நாலைந்து குரல். செகரெட்டரி பேனாவை எடுத்துவிட்டார். மொத்தம் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

வித்தியாசம் 8,400 ரூபாய். நாற்பத்தெட்டால் வகுத்தால் வீட்டுக்கு 175 ரூபாய். நான் எழுந்து நின்றேன். அன்றைக்கு எனக்குக் கோர்வையாகப் பேச வரவில்லை. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் மெயின்டெனன்ஸ் பிரிவில் இருந்தவன். அங்கே தொட்டிக்குள் ஆள் இறங்குவது என்றால் சாமானியமான காரியம் இல்லை. முதலில் பெர்மிட். அதில் நாலு கையெழுத்து. தொட்டிக்குள் வரும் ஒவ்வொரு பைப்பையும் கழற்றி பிளைண்ட் போட வேண்டும். மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கிப் பூட்டுப் போட வேண்டும். புளோயர் வைத்துக் காற்று ஓட்ட வேண்டும். அப்புறம் கேஸ் மீட்டரை மேலே, நடுவே, அடியே என்று மூன்று மட்டத்தில் இறக்கிப் பார்ப்போம். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட 21 சதவீதம். அது 19.5-க்குக் கீழே இருந்தால் பெர்மிட்டைக் கிழித்துப் போட்டுவிடுவோம்.

எல்லாம் சரியாக இருந்தாலும் உள்ளே போகிறவர் இடுப்பில் பெல்ட், அதில் கயிறு, வெளியே காவலுக்கு ஒருவர். அந்த வெளி ஆளுக்கு ஒரே வேலைதான்: நகரக் கூடாது. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால்கூட உள்ளே இருப்பவரை மேலே ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கி விழுந்தால் அவர் கயிற்றை இழுக்கலாம், மணி அடிக்கலாம், ஆனால் உள்ளே குதிக்கக் கூடாது. இதைப் புதிதாக வருகிற பையன்களுக்கு வருடாவருடம் சொல்லிக் கொடுப்போம். 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆவது பிரிவே இதற்காகத்தான் இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்தால் முதலில் கேட்பது அந்த பெர்மிட் ஃபைலைத்தான்.

ஏன் குதிக்கக் கூடாது என்பதற்கு நெமிலியைச் சொல்லலாம். 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெமிலியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் செப்டிக் டேங்கில் ஆறு பேர் செத்துப்போனார்கள். கட்டட உரிமையாளர், அவருடைய இரண்டு மகன்கள், அங்கே குடியிருந்தவர்கள். ஒருவர் உள்ளே விழுந்ததும் காப்பாற்றப் போனவர் விழுந்தார், அவரைக் காப்பாற்றப் போனவரும் விழுந்தார். ஆறு பேரும் அந்தக் கட்டடத்து மனிதர்கள். நம்மைப் போல அவர்களுக்கும் ஒரு மெயின்டெனன்ஸ் வேலைதான் அது.

நமக்கு இன்னும் பக்கத்தில் மீஞ்சூர். கும்மிடிப்பூண்டியில் லோக்கல் ஏறினால் கவரைப்பேட்டை, பொன்னேரி, அனுப்பம்பட்டு, அடுத்தது அதுதான். 2023 மே மாதத் தொடக்கத்தில் அங்கே ஒரு தனியார் பள்ளியின் செப்டிக் டேங்கில் இறங்கிய இரண்டு பேர் இறந்தார்கள். பேரூராட்சியின் துப்புரவுப் பணியாளர்கள். நம் பேப்பரில் உள்பக்கத்தில் வந்தது. படித்தோம், பக்கத்தைத் திருப்பினோம்.

இந்த வாயுவைப் பற்றி வீடுகளில் சரியாகத் தெரிவதில்லை. "கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து வெச்சா நாத்தம் போயிடும், அப்புறம் இறங்கலாம்" என்கிறார்கள். செப்டிக் டேங்கில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சமாக இருக்கும்போது அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நாம் நினைக்கிற நேரம்தான் அது ஆளை அடிக்கிற அளவுக்கு ஏறியிருக்கிற நேரமாகவும் இருக்கலாம். காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். மேலே நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. கெட்டிக் கசடை மண்வெட்டியால் கிளறியதும் உள்ளே அடைபட்டிருந்தது ஒரேயடியாக வெளியே வரும். இரண்டு மூச்சு போதும்.

விளக்கை இறக்கிப் பார்க்கிற பழைய வழக்கமும் உண்டு. விளக்கு எரிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது என்று தெரியலாம், விஷவாயு இல்லை என்று தெரியாது. அதோடு உள்ளே மீத்தேனும் இருக்கும், வெடிக்கலாம்.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2014-ல் நான்தான் அசோசியேஷன் பொருளாளர். அப்போதும் தொட்டி நிரம்பியது. லாரி வந்து உறிஞ்சியது. அடியில் ஒன்றரை அடிக்குக் கசடு, உறிஞ்ச வரவில்லை. லாரியோடு வந்தவர் சட்டையைக் கழற்றிக் காம்பவுண்ட் சுவர்மேல் வைத்தார். இடுப்பில் கட்டியது துணி காயப்போடுகிற நைலான் கயிறு. ஏணியில் இறங்கினார். நான் மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றேன். அதே வாரம் ஃபாக்டரியில் ஒரு பெர்மிட்டில், கேஸ் மீட்டர் கேலிபரேஷன் தேதி தாண்டிவிட்டது என்று கையெழுத்துப் போட மறுத்து சூப்பர்வைசரிடம் சண்டை போட்டவன் நான்.

அவர் முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தார். பக்கெட் பக்கெட்டாக வந்தது. மேலே ஏறியதும் கொஞ்சம் தள்ளாடி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஒண்ணுமில்ல சார், தலைய சுத்துது" என்றார். டிஸ்போசபிள் கப்பில் டீ வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் டம்ளர். குளிக்கத் தண்ணீர் கேட்டார். வாட்ச்மேன் ரூமில் இருக்கிற பாத்ரூமைக் காட்டப் போனேன். மாடியிலிருந்து ஒருவர், "சார், வெளிக் குழாய்லயே குளிக்கச் சொல்லுங்க" என்றார். நான் சரி என்று செடிக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸைக் கொடுத்தேன். வவுச்சரில் "செப்டிக் டேங்க் கிளீனிங், லேபர் உட்பட" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் பெயரைக் கேட்கவில்லை. ரசீதில் லாரிக்காரர் பெயர்தான் இருக்கிறது.

ஏன் அப்படி இருந்தேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஃபாக்டரிக்குள் சட்டம் இருந்தது, இன்ஸ்பெக்டர் இருந்தார், என் வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. வீட்டு வாசலில் என்னைக் கேட்க யாரும் இல்லை. இறங்குகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறவர் என்பதும் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஃபாக்டரியில் இறங்கியவரோடு நான் கேன்டீனில் ஒரே பெஞ்சில் சாப்பிட்டிருக்கிறேன். இவருக்கு டம்ளரில் டீ கொடுக்கவில்லை.

வீட்டு வாசலில் சட்டம் இல்லை என்று நான் நினைத்ததும் தப்பு. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. அதன் 7-ஆவது பிரிவு, செப்டிக் டேங்கையோ சாக்கடையையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எந்த நபரும் எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. கூட்டத்தில், "அது கான்ட்ராக்டர் பாடு சார், நாம லாரிக்குத்தானே பணம் கொடுக்கிறோம்" என்றார் ஒரு நண்பர். 'மறைமுகமாக' என்ற சொல் அவருக்காகத்தான் போட்டிருக்கிறது. முதல் முறை பிடிபட்டால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில், சாக்கடையிலும் தொட்டியிலும் இறந்தவர்கள் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. பாருங்கள், நான் கர்ச்சீப்போடு நின்ற அந்த வருடம் இந்தச் சட்டமும் இருந்தது, தீர்ப்பும் வந்திருந்தது. எனக்குத்தான் இரண்டும் தெரியாது.

சட்டத்துக்குப் பயந்து செய்யுங்கள் என்று சொல்ல வரவில்லை. நம் ஊரில் சட்டத்துக்குப் பயப்படுகிறவர்கள் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள். நான் சொல்ல வருவது வேறு. ஆள் இறங்க வேண்டிய தேவையையே நாம்தான் உண்டாக்குகிறோம்.

செப்டிக் டேங்க் என்பது கனமானதை அடியில் தங்க விட்டு, தண்ணீரை மட்டும் அடுத்த அறைக்கு அனுப்புகிற தொட்டி. தங்கிய கசடை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்துவிட வேண்டும். அப்படி எடுத்தால் அது கூழாக இருக்கும், சாதாரண லாரியே உறிஞ்சிவிடும். நாம் என்ன செய்கிறோம்? வழிந்தால்தான் கூப்பிடுகிறோம். அதற்குள் அடியில் இறுகிவிடுகிறது. கூடவே டயப்பர், நாப்கின், ஈரத் துடைப்புத் தாள், ஒரு தடவை ஒரு முழு மாப்புத் தலை. இதெல்லாம் ஹோஸில் அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஆள்தான் இறங்க வேண்டும்.

எங்கள் மூன்று தொட்டிகளில் ஒன்றின் மூடி எங்கே என்று கண்டுபிடிக்கவே அரை நாள் ஆனது. பார்க்கிங் அழகாக இருக்க வேண்டும் என்று அதன்மேல் டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். இன்னொன்றின் வென்ட் பைப்பை, பால்கனிக்குப் பக்கத்தில் அசிங்கமாக இருக்கிறது என்று யாரோ அறுத்து மூடியே போட்டுவிட்டார்கள். வாயு வெளியே போகிற ஒரே வழி அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் நின்றபோது அந்தத் தொட்டியிலிருந்துதான் தரைத்தள வீட்டு பாத்ரூம்களுக்குள் பொங்கியது. அப்போதாவது எடுத்திருக்கலாம். தண்ணீர் வடிந்ததும் மறந்துவிட்டோம். பெயின்டிங் மட்டும் முடித்தோம், வெளிச்சுவர் இளமஞ்சள்.

சுற்றுவட்டாரத்திலேயே குறைந்த மெயின்டெனன்ஸ் நம்முடையதுதான் என்று எங்களுக்கு ஒரு பெருமை. ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது சொல்வார்கள், கைதட்டல் விழும். அந்தக் குறைச்சலின் ஒரு பகுதியை நாலு வருடத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிக்கொண்டிருக்கிறார்.

பணம் ஒரு பொருட்டே இல்லை என்று பேச நான் பணக்காரன் இல்லை. தனியார் கம்பெனியில் ரிடையர் ஆனவர்களின் பி.எஃப். பென்ஷன் எவ்வளவு என்று அதை வாங்குகிறவர்களுக்குத் தெரியும். 2014-ல்தான் குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். எங்கள் குடியிருப்பில் அப்படிப்பட்ட வீடுகள் பத்தாவது இருக்கும். அவர்களுக்கு 175 ரூபாய் என்பது ஒரு வார மருந்து. அதனால்தான் திடீர் வசூல் வேண்டாம் என்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுக்கிற செலவு என்று பட்ஜெட்டில் எழுதிவைத்தால், இந்த 175 மாதத்துக்கு ஏழு ரூபாய் சொச்சமாகிவிடும். இறுக விடாமல் எடுத்தால் அடுத்த தடவை ஜெட்டிங் மெஷினே தேவைப்படாமல் போகலாம், அந்த வித்தியாசமும் மிச்சம்.

"அவங்க பொழப்பைக் கெடுக்காதீங்க சார், நீங்க வேணாம்னா அவருக்கு அன்னிக்குக் கூலி போச்சு" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல மனதோடு கேட்டதுதான். கூலி வேண்டும், உண்மை. மெஷின் லாரியிலும் ஹோஸ் பிடிக்க, மூடி தூக்க இரண்டு பேர் வருகிறார்கள், அதுவும் கூலிதான், மேலே நின்று வாங்குகிற கூலி. சென்னைக் குடிநீர் வாரியம் 2024 டிசம்பரில், துப்புரவு வேலை செய்தவர்களையே இந்த மாதிரி வாகனங்களுக்குச் சொந்தக்காரர் ஆக்குகிற திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நம் பக்கம் அது எப்போது வருமோ. அதுவரை நாம் எந்த லாரிக்குப் பணம் கொடுக்கிறோம் என்பதாவது நம் கையில் இருக்கிறது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சி பிளாக்கில் இருக்கும் ரிடையர்ட் டீச்சர் அம்மா, எப்போதும் கணக்கில் பத்து பைசா தவறு கண்டுபிடிப்பவர், எழுந்து, "நூத்தி எழுபத்தஞ்சு தானே? எங்க வீட்டுக்கு இப்பவே எழுதிக்கோங்க" என்றார். அதற்குப் பிறகுதான் கைகள் உயர்ந்தன. ஆதரவு இருபத்திரண்டு, எதிர்ப்பு ஒன்பது, பால்கனிகள் கணக்கில் இல்லை. எதிர்த்தவர்களில் இரண்டு பேர், நாலு வருடம் எடுக்காமல் விட்டது கமிட்டியின் தப்பு, அதற்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்றார்கள். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

தீர்மானத்தில் மூன்று வரிகள் சேர்த்திருக்கிறோம். எந்தக் காரணத்துக்காகவும் தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது. மெஷினால் முடியாவிட்டால் மூடியை மூடிவிட்டு இன்னொரு மெஷின் தேட வேண்டும். லாரிக்கு உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா என்று பார்த்து நகல் வாங்க வேண்டும், எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்றும் கேட்டு எழுத வேண்டும் (போன தடவை யாரும் கேட்கவில்லை, ஏரிக்கரைப் பக்கம் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்). வருகிறவர்களுக்கு வாட்ச்மேன் ரூம் பாத்ரூமைத் திறந்துவிட வேண்டும். மூன்றாவது வரியை நான்தான் எழுதச் சொன்னேன். "இதையெல்லாமா சார் மினிட்ஸ்ல எழுதணும்" என்றார் செகரெட்டரி. எழுதுங்கள் என்றேன்.

லாரி புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறது. மேற்பார்வைக்கு என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். பி பிளாக்கில் மூன்றாவது தொட்டியின் மூடி சிவப்பு கார் நிற்கிற இடத்துக்கு நேர் கீழே இருக்கிறது. காரின் சொந்தக்காரர் இதைப் படிப்பார் என்று தெரியும். செவ்வாய் ராத்திரியே எடுத்து வெளியே நிறுத்திவிடவும். டைல்ஸ் இரண்டு உடையும், அதை மறுபடி ஒட்டப் போவதில்லை.